வெங்காய வீட்டு மூக்கு

இன்று காலை ஊறுகாய்க்கு நார்த்தங்காய் நறுக்க உட்கார்ந்தேன். அரிவாள்மனையில் முதல் காயை வைத்து அழுத்தியதும் தோலிலிருந்து எண்ணெய் தெறித்துக் கண்ணில் பட்டுவிட்டது. நல்ல எரிச்சல். ஆனால் கண்ணைத் துடைப்பதற்கு முன்பே வாயில் ஒரு பெயர் வந்துவிட்டது. "கேஸ்கேட்" என்றேன், சத்தமாகவே. பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பாப்பா நிமிர்ந்து, "யாரும்மா அது?" என்று கேட்டாள். அமெரிக்காவில் கொடியில் பூக்கும் ஒரு பூ, அதைப் பீரில் போடுவார்கள், அதன் வாசனை நார்த்தங்காய்த் தோல் மாதிரி இருக்கும் என்று காலை நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? "உங்கப்பாவுக்குத் தெரிஞ்ச ஆளு" என்று சொல்லி வைத்தேன்.

அதற்கு மேல் நறுக்கக் கை ஓடவில்லை. காய்களைத் துணி போட்டு மூடிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. இங்கே ஒரு சேதி இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரியலூரை மறுபடியும் தனி மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். பெரம்பலூர் தனி மாவட்டமான வருடம்தான் நம் கல்யாணம் நடந்தது. இப்போது எங்கள் ரெட்டிபாளையம் அந்த மாவட்டம், உங்கள் வேப்பந்தட்டை இந்த மாவட்டம். நீங்கள் இருந்திருந்தால், "வெளி மாவட்டத்துப் பொண்ணு, அதான் இவ்ளோ வாயி" என்று ஒரு வாரத்துக்காவது சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

என் வாய் பெரிதுதான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று அதிகம் பேசியது நீங்கள். தரகர் எங்கள் வீட்டில் சொல்லி வைத்திருந்தது, "பையன் பாண்டிச்சேரிப் பக்கம் பெரிய கம்பெனியில கெமிஸ்ட்" என்று மட்டும்தான். எங்கள் அப்பா சிமெண்ட் ஆலையில் ஃபோர்மேன். கம்பெனி என்றால் என்ன கம்பெனி என்று கேட்காமல் விடமாட்டார். கேட்டார். உங்களோடு வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் அப்பா முகத்தைப் பார்த்து, "பீர் கம்பெனிங்க மாமா" என்றீர்கள்.

"காய்ச்சுற எடமா?" என்றார் அப்பா.

"நான் காய்ச்சுறது இல்லீங்க. மோந்து பாக்குறதுதான் என் வேல."

"மோந்து பாக்குறதுக்கு ஒரு ஆளா?"

"அதுக்குத்தாங்க ஆளு கெடைக்கிறது இல்ல."

காப்பித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. அந்தச் சம்பந்தம் அப்படியே ஒரு மாதம் தொங்கியது. பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அவராகவே சொன்னார். "மறைச்சிருக்கலாம். மருந்து கம்பெனின்னு சொல்லியிருந்தா நான் போயா பாக்கப்போறேன்? சொல்லிட்டான் பாரு. குடுக்கலாம்."

கல்யாணமான புதிதில் நீங்கள் சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடியலில் போவீர்கள். ஒரு தடவை பையிலிருந்து வெள்ளிக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து என் கையில் கொட்டினீர்கள். பச்சை நிறத்தில் குட்டிக் குட்டிக் குச்சிகள். "கோழித் தீவனமா?" என்று கேட்டேன். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளையைக் குரங்கு என்று சொன்னது போல ஆகிவிட்டது. கோவைக்கொடி மாதிரி படர்கிற ஒரு கொடி, குளிர் நாட்டில் வளர்வது, அதன் பூவுக்குள் மஞ்சள் தூள் இருக்கும், அந்தத் தூளில்தான் எல்லாம் இருக்கிறது, பூவைக் காயவைத்து அரைத்து இப்படி அழுத்தி அனுப்புகிறார்கள், பெயர் ஹாப்ஸ் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தீர்கள். பிறகு, "ரெண்டு கையாலயும் தேயி. சூடு வர்ற வரைக்கும் தேயி. இப்ப மோந்து பாரு. பேரு தெரிய வேணாம். உனக்குத் தெரிஞ்சத சொல்லு" என்றீர்கள்.

தேய்த்து முகர்ந்தேன். "மரிக்கொழுந்து. கூடவே காஞ்ச புல்லு. கொஞ்சம் தேன் மாதிரி ஒண்ணு, பட்டும் படாம" என்றேன். படுத்திருந்த நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள். அது ஜெர்மனியிலிருந்து வருகிற ஹாலர்டாவ் என்ற வகை என்றும், உங்கள் ஆலையில் அந்தத் தேன் வாசனையைக் கண்டுபிடிக்கச் சிலருக்கு ஒரு வருடம் ஆனது என்றும் சொன்னீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிமெண்ட் தூசிக்குள் பிறந்து வளர்ந்தவளுக்கு மூக்கு இருக்கிறது என்று அதுவரை யாரும் சொன்னது கிடையாது.

அதற்குப் பிறகு அது நமக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. மற்றவர்கள் வீட்டுக்காரர் பூவும் அல்வாவும் வாங்கி வருவார். எனக்குக் கோழித் தீவனம். அதைச் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது. ஆனால் சனிக்கிழமை ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

ஒரு நாள் நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது உங்களை மடக்கினேன். "கசப்புக்குத்தானே இதப் போடுறீங்க? எந்தப் பூவா இருந்தா என்ன? இதுக்கு எதுக்கு இத்தன பேரு, இத்தன நாடு?" நீங்கள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, "மல்லித்தழைய எப்பப் போடுவ?" என்று திருப்பிக் கேட்டீர்கள்.

"எறக்குறப்ப."

"மொதல்லயே போட்டா?"

"வாசம் ஓடிப்போயிடும். தழ மட்டும் கெடக்கும்."

"அவ்ளோதான் பீரு" என்றீர்கள். முளைகட்டிய பார்லியை ஊறவைத்து வடித்த தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது முதலில் போடுகிற பூவுக்கு வாசனை மிஞ்சாது, ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் இறங்கும். அதனால் அந்த இடத்துக்கு மேக்னம் மாதிரி வாசனை குறைந்த, கசப்பு மிகுந்த வகை. இறக்கப் போகிற நேரத்தில்தான் ஹாலர்டாவும், சாஸ் என்கிற செக் நாட்டுப் பூவும். அந்த நேரத்தில் எதைப் போடுகிறோமோ அதுதான் குடிக்கிறவன் மூக்கில் ஏறும். "ஒரே பார்லித் தண்ணிதான் செல்வி. பூவ மாத்துனா ஆளே மாறிப்போயிடும்." இதை நீங்கள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலத்தான் சொல்வீர்கள்.

சாஸ் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் மழையில் நனைந்த வைக்கோல் போர் பக்கத்தில் நின்று மிளகைத் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி. கேஸ்கேட் நார்த்தங்காய். நம் நாட்டிலேயே வடக்கே லாஹூல் பனிமலையில் விளைகிற பூ ஒன்றையும் கொண்டு வந்தீர்கள். முகர்ந்ததும் நாவல்பழத் தோல் ஞாபகம் வந்தது, அடியில் ஏதோ கரடுமுரடு. "நம்ம ஊட்டுப் புள்ள, கொஞ்சம் முரடு" என்று அதற்குச் சலுகை கொடுத்தீர்கள். பழசாகிப்போன பூ எப்படி இருக்கும் என்று காட்டவும் ஒரு தடவை கொண்டு வந்தீர்கள். மழைக்காலத்தில் காயாத சாக்ஸ். பொட்டலத்தை வாசலில் வீசிவிட்டேன்.

இத்தனைக்கும் நான் பீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. கசப்பைத் தெரிந்துகொள்ள வெந்நீரில் பூவை ஊறப்போட்டுக் குடிக்கச் சொல்வீர்கள். அதைக் கஷாயம் என்று நினைத்து உங்கள் அம்மா ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு மறுநாள் பொழுது ஏறும்வரை தூங்கினார்கள். அத்தைக்குத் தூக்கம் வராத வியாதி. அன்றிலிருந்து நீங்கள் வரும்போதெல்லாம், "ஏம்மா செல்வி, அந்தப் பச்சக் கசாயம் வந்துருக்கா?" என்று என் காதில் கேட்பார்கள். பீரில் போடுகிற சாமான் என்று தெரிந்தால் வீடு இரண்டாகியிருக்கும். நாம் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றிக் கொடுத்தோம்.

பிறகு அந்த விபத்து. மக்காச்சோள அறுப்புக் காலம். நம் ஊர்ப் பக்கம் ரோட்டில் பாதியைக் களமாக்கிச் சோளத்தைக் காயப்போட்டுவிடுவார்கள், நாமும் போட்டிருக்கிறோம், யாரைச் சொல்வது? பெரம்பலூரிலிருந்து வண்டியில் வந்த நீங்கள் பரப்பி வைத்திருந்த சோளத்தில் ஏறி வழுக்கி விழுந்தீர்கள். பின்மண்டையில் அடி. திருச்சியில் வைத்துத் தையல் போட்டார்கள். பேச்சு சரியாக இருந்தது, நடை சரியாக இருந்தது, கணக்குக் கேட்டால் கணக்கும் சரியாக வந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

வந்த சில நாளில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பாப்பாவைக் குளிப்பாட்டப் போனேன். நீங்கள் அடுப்படிக்கு நேராக நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகித் தெருவே நாறுகிறது. ஓடி வந்து பார்த்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள். எனக்கு வந்த கோபத்தில், "மூக்கு என்ன அவிஞ்சா போச்சு?" என்று கத்தினேன்.

நீங்கள் பேப்பரை மடித்து வைத்தீர்கள். "ஆமா செல்வி" என்றீர்கள். "ஆஸ்பத்திரியிலயே தெரியும். தானா வந்துரும்னு பாத்தேன். நாக்குல கசப்பு தெரியுது, இனிப்பு தெரியுது, உப்பு தெரியுது. மத்த ஒண்ணுமே தெரியல."

அன்றுதான் நீங்கள் அழுது பார்த்தேன். டாக்டர் நரம்பு அறுந்திருக்கலாம் என்றார், திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்றார். ஆலையில் அந்தச் சமயம் வெளிநாட்டுக்கு அனுப்பப் புது பீர் ஒன்று தயாரிக்க இருந்தார்கள். அதற்கு வாசனைப் பூ தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருந்தார்கள். ருசி பார்க்கிற மேசையில் உங்கள் நாற்காலி பெரியவருக்கு அடுத்த நாற்காலி. பெரியவர் என்று நீங்கள் சொல்வது பீர் காய்ச்சும் பிரிவுக்குத் தலைவராக இருந்த பெங்களூர்க்காரரை. "என்ன அங்க வச்சிருக்கிறதே இந்த மூக்குக்காகத்தான். இது போயிடுச்சுன்னா நான் யாரு?" என்று கேட்டீர்கள். பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

"என் மூக்கு சும்மாதானே கெடக்கு, எடுத்துக்குங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். அழுகைக்கு நடுவே சிரித்தீர்கள். ஆனால் அடுத்த வாரம் தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, அதற்குள் ஐந்து சின்னப் பொட்டலங்களோடு வந்து இறங்கினீர்கள்.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன், காப்பி குடிப்பதற்கு முன், கொல்லைப் பக்கம் உட்கார்ந்து முகர்வேன். சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, தலையில் பூ கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் இவள் ஏன் பூ வைப்பதில்லை என்று சொந்தத்தில் பேச்சு கிளம்பி, ஏதோ விரதம் என்று அடங்கியது. "மழ பேஞ்ச வைக்கப்போரு, நல்லா இருக்கு" என்று நான் சொன்னால், அங்கே போய் நீங்கள் அதை உங்கள் ஆட்களின் பேச்சில் மாற்றிச் சொல்வீர்கள். ருசி மேசையில் உடனே வாய் திறக்காமல் இரண்டு பேர் சொல்லி முடித்த பிறகு பேசுவீர்களாம். கசப்பைப் பற்றி மட்டும் முதல் ஆளாகச் சொல்வீர்களாம். அது ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று பெரியவரே பாராட்டியதாகச் சொன்னீர்கள். மூக்கு போனதில் நாக்கு கூர்மையாகிவிட்டது போல.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவியதும் முதல் கேள்வி, "இன்னிக்கி வூட்ல என்ன வாசன?" என்பதுதான். நான் ஒப்பிப்பேன். கொல்லையில் ஈர மண், சட்டியில் கருவாடு, அத்தையிடம் தைலம். "பாப்பா தல?" என்பீர்கள். "வேப்பெண்ண" என்பேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவீர்கள். நம் கல்யாண வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு வருடத்தில்தான். உங்களுக்கு ஒரு குறை வந்து, அதனால் எனக்குச் சந்தோஷம் வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

அந்த இரண்டாவது வருடம் சின்ன வெங்காயம் விலை விழுந்தது. இப்போது போட்டால் அள்ளிக் கொடுப்பது போலாகும் என்று அத்தை விற்க விடவில்லை. வழக்கமாகக் காட்டிலேயே பட்டறை போட்டுக் கீற்றால் மூடிச் சேர்த்து வைப்போம். மழை பிடித்துக்கொண்டதால் மொத்தத்தையும் வீட்டுக்குள் கொண்டு வந்து கொட்டினோம். கூடம் முழுக்க வெங்காயம், கட்டிலுக்கு அடியில் வெங்காயம், பரணில் வெங்காயம், தாளோடு முடிந்து உத்தரத்தில் தொங்கிய வெங்காயம். அதைத் தாண்டித்தான் படுக்கப் போக வேண்டும். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து புது வகைப் பூ ஒன்று வந்தது. கேஸ்கேட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று பூ விற்கிற தரகர் சொன்னதாகக் கொண்டு வந்தீர்கள். விடியலில் முகர்ந்து பார்த்தேன். "நார்த்தங்காதான். அதுக்கு மேல பழுத்த மாம்பழம். சுத்தமா இருக்கு" என்றேன். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போய் ஒரு பெரிய தொட்டி நிறையக் காய்ச்சிவிட்டீர்கள்.

சில வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மத்தியானம் நீங்கள் வந்து நின்றீர்கள். அத்தை காதில் விழாமல் பேச வேண்டும் என்று என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனீர்கள். மேலே ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னீர்கள். "புது பீர மேசையில வச்சாங்க. அன்னிக்கின்னு பெரியவரு மொதல்ல என்னையச் சொல்லச் சொல்லிட்டாரு. நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். மத்தவங்க எல்லாம் மூஞ்ச சுளிச்சாங்க செல்வி. வெங்காயங்கிறாங்க. பச்ச வெங்காயம் நாறுதுங்கிறாங்க."

எனக்குக் காது சுட்டது. "எவன் சொன்னான்? பூவ நான் மோந்து பாக்கல? பொறாம. ஒங்க நாக்காலிக்கு ஆசப்படுறானுவ" என்று பொரிந்து தள்ளினேன். நீங்கள் அதை அப்படியே நம்பினீர்கள். மறுநாள் எல்லாரையும் வைத்துக்கொண்டு பெரியவர் உங்களை விசாரிக்க இருந்தார். அங்கே என்ன பேச வேண்டும் என்று அந்தக் கல்லில் உட்கார்ந்து ஒத்திகை பார்க்க ஆரம்பித்தீர்கள். இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன் சார், பூ சுத்தம், உங்கள் எல்லாருடைய மூக்கும் தப்பு என்று எழுந்து நின்று கையை நீட்டிப் பேசிக் காட்டினீர்கள்.

கோட்டை மேல் நல்ல காற்று. கல் சூடும் ஆட்டுப் புழுக்கையும் தவிர வேறு வாசனை இல்லை. நாம் வந்து வெகு நேரம் ஆகியிருந்தது. மீதிப் பூ இருந்த பொட்டலத்தைக் கொண்டு வந்திருந்தீர்கள், அது என் மடியில் கிடந்தது. உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே சும்மா ஒரு துணுக்கை எடுத்துத் தேய்த்தேன். முகத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டு போகவில்லை. அரிந்த வெங்காயம் பளிச்சென்று ஏறியது.

என் சேலைதான் நாறுகிறதோ என்று முந்தானையை முகர்ந்தேன். அதிலும் வெங்காயம். தலைமுடியை இழுத்து முகர்ந்தேன், அதிலும் வெங்காயம். அப்போதுதான் விஷயம் விளங்கியது. எங்கள் அப்பா சட்டையை உதறினால் சிமெண்ட் தூசி கிளம்பும், அவர் அப்படி ஒன்று இருப்பதாகவே ஒத்துக்கொள்ளமாட்டார். வெங்காயத்துக்கு நடுவில் படுத்து எழுந்த என் மூக்கு வெங்காயத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டிருக்கிறது.

நீங்கள் இன்னும் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். சொன்னால் உங்களிடம் மிச்சம் இருந்த ஒரே பிடிமானமும் போய்விடும். சொல்லாவிட்டால் நாளைக்கு அத்தனை பேர் முன்னாலும் அசிங்கப்பட்டு நிற்பீர்கள். "நிறுத்துங்க" என்றேன். "அவங்க சொன்னது சரி. வெங்காயம்தான்."

"வூட்ல சுத்தம்னு சொன்ன?"

"வூடே வெங்காயமா கெடக்குதுங்க. எனக்கு எங்கேருந்து தெரியும்?"

அழுதுவிட்டேன். நீங்கள் பொட்டலத்தை என் மடியிலிருந்து எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். திட்டியிருந்தால் தேவலை. "சரி, எறங்கு. நாளைக்கி உள்ளதச் சொல்லிடுறேன்" என்று மட்டும் சொன்னீர்கள்.

சொன்னீர்கள். மூக்கு போய் இரண்டு வருடம் ஆகிறது என்றதும், "அப்ப இத்தன நாளா யார் மூக்கு?" என்று பெரியவர் கேட்டாராம். "என் வீட்டுக்காரி மூக்குங்க" என்றதும் மேசையே சிரித்ததாம். அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லும்போது நீங்களும் சிரித்தீர்கள், எனக்குத்தான் இன்றைக்கும் ஆறவில்லை. தொட்டி பீரைச் சாக்கடையில் விட்டார்கள். உங்கள் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தார். பெரியவர் நல்ல மனிதர், உங்களை வெளியே அனுப்பவில்லை. "கசப்ப நீங்க பாருங்க" என்று கசப்புப் பூக்களைச் சோதிக்கிற அறைக்கு மாற்றினார். அங்கே போன பிறகும் உங்களுக்குச் சொல்ல விஷயம் இருந்தது. கசப்பிலும் வகை உண்டு, ஒரு பூவின் கசப்பு நாக்கைக் கீறும், இன்னொன்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகும் என்பீர்கள். பழைய வேகம் இல்லை, ஆனால் பொய் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பயமும் இல்லை. நன்றாகத் தூங்கினீர்கள்.

ஆனால் பிளாஸ்க்கை நீங்கள் கழுவிக் கவிழ்த்து வைத்ததோடு சரி. வீட்டுக்கு வந்தால் என்ன வாசனை என்று கேட்பதை விட்டுவிட்டீர்கள். முதல் வாரம் களைப்பு என்று நினைத்தேன். பிறகும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் வாய் வரவில்லை, என் ரோஷம் உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, "என் மூக்கு மேல நம்பிக்க போயிடுச்சா?" என்று கேட்டே விட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றீர்கள், தட்டைப் பார்த்துக்கொண்டு. அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? நான்கு வருடம் அந்தப் பதிலை மென்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூ வைக்க ஆரம்பித்தேன். உங்களுக்கு அதுவும் தெரியவில்லை.

அப்புறம் சர்க்கரை வந்தது, காலில் புண் வந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாப்பாவை ரெட்டிபாளையத்தில் அப்பாவிடம் விட்டிருந்தேன். அறுவை நல்லபடியாக முடிந்தது. அன்று காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். நீங்கள் கலகலப்பாக இருந்தீர்கள். வீட்டுக்குப் போனதும் கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்றீர்கள். வாசனை தெரியாதவருக்குக் கருவாடு எதற்கு என்று கேலி செய்துகொண்டே ஈரத் துணியால் உங்கள் முகத்தைத் துடைத்தேன். உங்கள் மூச்சு என் மேல் பட்டது. என் கை நின்றுவிட்டது.

நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு, நான்கு வருடத்துக்குப் பிறகு, கேட்டீர்கள். "செல்வி, என்ன வாசன?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒன் மூஞ்சியே சொல்லுது. என்ன வாசன?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "பழம்" என்றேன். "அழுவுன பழம் மாதிரி. இனிப்பா. நல்லால்லீங்க."

நர்ஸிடம் ஓடினேன். அவர்களும் அலட்சியமாக இருக்கவில்லை, வந்து ரத்தம் எடுத்தார்கள், பாட்டில் மாற்றினார்கள். நீங்கள் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. "பாப்பாவ வரச் சொல்லு. மாமாவுக்குப் போன் போடு. இன்னிக்கே வரணும்" என்றீர்கள். அந்தச் சின்ன நர்ஸ், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுத்தானே சார் போனாரு? ரத்த ரிசல்ட்டுகூட இன்னும் வரல, எதுக்கு இவ்ளோ பயப்படுறீங்க?" என்று கேட்டது. நீங்கள் அதன் பக்கம் திரும்பி, ஊர் உலகத்துக்கே தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னீர்கள்.

"இவ மோந்து பாத்துச் சொன்னா சரியா இருக்கும் சிஸ்டர்."

மத்தியானமே அப்பா பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவள் பள்ளிச் சீருடையோடு கட்டிலில் ஏறி உட்கார்ந்து, இருட்டும்வரை உங்களோடு பேசினாள். பல் விழுந்த கதையெல்லாம் சொன்னாள். நீங்கள் அவள் தலையில் வைத்த கையை எடுக்கவே இல்லை. மறுநாள் பதினோரு மணிக்கு மேல் நீங்கள் இல்லை. சர்க்கரை ஏறி ரத்தம் புளித்துவிட்டதாம், மூச்சில் வந்த பழ வாசனை அதுதானாம். டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. பீர் கம்பெனிக்காரன், குடித்தே செத்தான் என்று ஊரில் பேசியவர்களைத்தான் ஒவ்வொருவராகப் பிடித்து உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன்.

என்னால் உங்கள் நாற்காலி போனது. அதற்குப் பிறகும் டாக்டர் சொன்னதைத் தள்ளி வைத்துவிட்டு என் சொல்லைக் கேட்டீர்கள். அதனால் பாப்பாவுக்கு அவள் அப்பாவோடு ஒரு சாயங்காலம் கிடைத்தது. இப்போதும் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அவள் மூச்சை முகர்ந்து பார்க்கிறேன், என் மூக்கு சொல்வதை நம்புகிறேன். நான்கு வருடமாக நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு என்னிடம் பதில் சொல்லாமல், ஊசியோடு நின்ற அந்த நர்ஸ் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். பரவாயில்லை. பக்கத்தில்தான் நின்றேன், எனக்குக் கேட்டது.